ஆங்கிலத்தில் தங்கிவிட்ட பிறமொழிச் சொற்கள்: மூலப் பொருளா, இன்றைய பொருளா?

சொல்தேடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கையேடுகளும் ஒப்பந்தங்களும் மொழிபெயர்த்து வருகிறேன். போன மாதம் ஒரு தவறு செய்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஒரு கருவியின் கையேட்டில், 'தகுதி பெற்றவர்கள் (ஐ.ஈ., உரிமம் உள்ள மின்பணியாளர்கள்) இந்த மூடியைத் திறக்கலாம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. 'அதாவது' என்று பொருள்படும் அந்த ஐ.ஈ.யை நான் 'உதாரணமாக' என்று எழுதிவிட்டேன். மூலத்தின்படி மின்பணியாளரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. என் வாக்கியத்தின்படி மின்பணியாளர் ஓர் உதாரணம்தான், அவரைப் போல வேறு யாரும் திறக்கலாம். உள்ளே உயர் மின்னழுத்தம் உள்ள கருவி அது. அச்சுக்குப் போகும் முன் சரிபார்த்தவர் கண்டுபிடித்ததால் ஆபத்து இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து ஆங்கிலப் பக்கங்களை வேறு கண்ணோடு பார்க்கிறேன். லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ வந்த சொற்கள் வரிக்கு வரி நிற்கின்றன. இவற்றை மொழிபெயர்க்கும்போது பிறந்த மொழியில் என்ன பொருள் என்று தேடிப் போவதா, ஆங்கிலத்தில் இன்று என்ன பொருள் என்று பார்ப்பதா? இத்தனை இரவல் தொடர்களை ஆங்கிலம் ஏன்தான் வைத்துக்கொண்டிருக்கிறது? உங்கள் துறைகளில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பு

சொல்தேடி அம்மா, வருத்தப்படாதீர்கள். முப்பது வருடம் பிழைதிருத்தும் வேலை பார்த்தவன் நான். நீங்கள் செய்த அதே தவறை ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் செய்து பார்த்திருக்கிறேன்.

ஐ.ஈ. என்பது 'இட் எஸ்ட்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். நேர்ப்பொருள் 'அது ஆவது'. நம்முடைய 'அதாவது' என்ற சொல் அச்சில் வார்த்தது போல அதற்குப் பொருந்தும். ஈ.ஜி. என்பது 'எக்செம்ப்ளி கிராஷியா', அதாவது 'எடுத்துக்காட்டின் பொருட்டு'. முதலாவது வந்தால் வாசல் மூடுகிறது, சொன்னது மட்டும்தான் கணக்கு. இரண்டாவது வந்தால் வாசல் திறக்கிறது, இன்னும் உண்டு என்று பொருள். அதனால்தான் ஈ.ஜி. போட்டுத் தொடங்கிய பட்டியலின் கடைசியில் 'எட் செட்டரா' போடக்கூடாது என்று நாங்கள் அடித்துத் திருத்துவோம். 'உதாரணமாக' என்று தொடங்கியபோதே 'முதலியன' அதற்குள் அடங்கிவிட்டது.

'விஸ்' என்று ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். அது 'விடெலிசெட்'. பொருள் 'அவையாவன'. முழுச்சொல்லில் இல்லாத எழுத்து ஒன்று சுருக்கத்தின் கடைசியில் நிற்கிறதே என்று பலர் கேட்பார்கள். இடைக்காலத்தில் ஏடு எழுதியவர்கள் 'எட்' என்ற ஈற்றைக் குறிக்க ஒரு வளைந்த குறி போட்டார்கள். அச்சு வந்தபோது அந்தக் குறிக்கு ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துதான் கிட்டத்தட்ட ஒத்துப்போனது, அதை எடுத்துக் கோத்துவிட்டார்கள். கை எழுதிய ஒரு குறி எழுத்தாகி, இன்றுவரை உச்சரிக்கப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இது.

பிரிட்டன் அரசின் இணையதளம் 2016இல் இந்தச் சுருக்கங்களை எல்லாம் விட்டுவிட முடிவு செய்தது. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் ஈ.ஜி. என்பதை ஒரே சொல்லாக எடுத்து, முட்டைக்கான ஆங்கிலச் சொல் போல வாசித்துவிடுகின்றன. லத்தீன் பழகாத வாசகர்களும் தடுமாறினார்கள். அங்கே இப்போது 'உதாரணமாக' என்றே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். எனக்கு அது நல்ல முடிவாகப் படுகிறது.

வழக்குக்கட்டு

நான் சட்டத்துறை. ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவை, நீதிமன்றம், நிலப் பத்திரம் எல்லாம் அவர்களுடைய பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் போயின. ஊர்மக்கள் பேசியது ஆங்கிலம். தன் வழக்கில் என்ன வாதாடுகிறார்கள் என்றே புரியாமல் மக்கள் நின்ற காலம் அது. 1362இல் வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! பதிவேடுகள் அதற்குப் பிறகும் லத்தீனில்தான் தொடர்ந்தன. 1733இல்தான் நீதிமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. வந்த கையோடு இன்னொரு சட்டத் திருத்தமும் செய்ய வேண்டியிருந்தது: துறைச்சொற்கள் மட்டும் வழக்கமான மொழியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று. காரணம், 'ஹேபியஸ் கார்ப்பஸ்' போன்ற தொடருக்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கான தீர்ப்புகள் இருக்கின்றன. சொல்லை மாற்றினால் அந்தத் தீர்ப்புகள் புதுச்சொல்லுக்கும் பொருந்துமா என்ற வாதம் முதலிலிருந்து தொடங்கும்.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால் 'உடலை நீ வைத்திருப்பாயாக', அதாவது பிடித்து வைக்கப்பட்டிருப்பவரை நேரில் கொண்டுவா என்ற கட்டளை. தமிழில் 'ஆட்கொணர்வு மனு' என்றது எவ்வளவு அழகான ஆக்கம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். 'உடல்' என்று நேராக மொழிபெயர்த்திருந்தால் பிணத்தைக் கேட்பது போல ஆகியிருக்கும். செய்தவர் சொல்லைப் பார்க்காமல் அது செய்யும் வேலையைப் பார்த்திருக்கிறார்.

மற்றவையும் அப்படித்தான். 'அலிபை' என்பதற்கு லத்தீனில் 'வேறிடத்தில்' என்று மட்டுமே பொருள். 'அஃபிடவிட்' என்றால் 'அவர் உறுதிகூறியிருக்கிறார்'. 'சப்பீனா' என்றால் 'தண்டனைக்கு உட்பட்டு', அழைப்பாணையின் தொடக்கச் சொற்களே பெயராகிவிட்டன. 'மார்ட்கேஜ்' பிரெஞ்சில் 'செத்த அடகு'.

குற்றவாளியைக் குறிக்கும் 'கல்ப்ரிட்' எப்படி வந்தது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர் 'நான் குற்றமற்றவன்' என்றதும், எழுத்தர் அரசு சார்பில் பிரெஞ்சில் பதில் சொல்வார்: 'குற்றவாளியே, அதை நிரூபிக்க நாங்கள் தயார்.' ஏட்டில் இதை 'கல். ப்ரிட்' என்று சுருக்கி எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் அந்தச் சுருக்கத்தையே ஆளை அழைக்கும் சொல்லாக வாசித்துவிட்டார்கள். 1678இல் நடந்த ஒரு விசாரணைப் பதிவில் அப்படி வருகிறது. இரண்டு சுருக்கங்கள் ஒட்டிப் பிறந்த சொல் இது, எந்த மொழியிலும் அதற்கு முன் இருந்ததில்லை.

கடைசி_வரிசை

வழக்குக்கட்டு ஐயா, நான் கல்லூரியில் படிக்கிறேன். 'இக்னோரேமஸ்' என்ற சொல்லும் நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது என்று எங்கோ படித்தேன். உண்மையா? அதற்குப் பன்மை 'இக்னோரேமை' என்று ஒரு நண்பன் எழுதுகிறான்.

வழக்குக்கட்டு

உண்மைதான் தம்பி. குற்றச்சாட்டில் சாட்சியம் போதவில்லை என்றால் பெருநடுவர் குழு அந்தத் தாளின் பின்பக்கம் 'இக்னோரேமஸ்' என்று எழுதித் திருப்பும். பொருள் 'எங்களுக்குத் தெரியாது'. 1615இல் ஜார்ஜ் ரகிள் என்பவர் எழுதிய ஒரு லத்தீன் நாடகம் கேம்பிரிட்ஜில் மன்னர் ஜேம்ஸ் முன்னிலையில் நடந்தது. விஷயம் தெரியாத வழக்கறிஞன் ஒருவனுக்கு அதில் இந்தப் பெயர். அதற்குப் பிறகு அறியாதவன் என்ற பொருள் நிலைத்தது.

உங்கள் நண்பரின் பன்மை தவறு. 'மஸ்' என்று முடிவதால் லத்தீன் பெயர்ச்சொல் என்று நினைத்துவிட்டார். அது வினைச்சொல். 'தெரியாது' என்பதற்கு எப்படிப் பன்மை போடுவது? ஆங்கில முறைப்படி 'இக்னோரேமஸஸ்' என்பதுதான் சரி.

ஒலிக்குறி

இதே போன்ற மிகைத்திருத்தம் 'ஆக்டோபஸ்'ஸிலும் நடக்கிறது. 'ஆக்டோபை' என்று எழுதினால் படித்தவர் போலத் தோன்றும். ஆனால் அது கிரேக்கச் சொல், 'எட்டுக் காலி'. கிரேக்கப் பன்மை 'ஆக்டோபொடீஸ்'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஆக்டோபஸஸ்' போதும், யாரும் குறை சொல்ல முடியாது.

நான் உச்சரிப்பு கற்றுக்கொடுப்பவள். அந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது. பிரெஞ்சுச் சொற்களில் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது என்று ஒரு விதியை எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருக்கிறார்கள். அதை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். 'கூ த கிராஸ்' என்றால் 'கருணையின் அடி', துடித்துக்கொண்டிருக்கும் உயிரின் வேதனையை முடித்துவைக்கும் கடைசி அடி. அதைக் 'கூ த கிரா' என்று சொல்பவர்கள் ஏராளம். பிரெஞ்சுக்காரர் காதில் அது 'கொழுப்பின் அடி' என்று விழும். அங்கே கடைசி 'ஸ்' கட்டாயம் ஒலிக்க வேண்டும்.

பிரெஞ்சே அல்லாத சொற்களுக்கும் இது தொற்றுகிறது. 'பெய்ஜிங்'கில் உள்ள 'ஜி' சீன மொழியில் கிட்டத்தட்ட ஆங்கில 'ஜி'யேதான். ஆங்கிலச் செய்தி வாசிப்பவர்கள் பலர் அதைப் பிரெஞ்சு 'ழ்ஷ்' போலக் குழைத்துச் சொல்கிறார்கள். வெளிநாட்டுச் சொல் என்றாலே பிரெஞ்சு போல ஒலிக்க வேண்டும் என்று மனம் தானாக முடிவு செய்கிறது.

'ஷேஸ் லாங்' என்ற சாய்விருக்கைக்குப் பிரெஞ்சில் 'நீள நாற்காலி' என்றுதான் பொருள். அமெரிக்காவில் 'நீளம்' என்ற பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைச் சற்று இடம் மாற்றி வாசித்து 'லவுஞ்ச்' ஆக்கிவிட்டார்கள். ஓய்வாகச் சாய்வதற்கான ஆங்கிலச் சொல் அது, பொருளும் பொருந்துகிறது, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. இதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். சொல் புது வீட்டில் தனக்கு இடம் பண்ணிக்கொண்டது, அவ்வளவுதான்.

நேர்பேச்சு

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். ஆனால் சொல்தேடி சொன்ன ஆபத்தை யாரும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஒரு சுருக்கத்தால் ஒருவர் உயிர் போயிருக்கலாம். 'அதாவது' என்பதற்கு ஆங்கிலத்தில் நல்ல, எளிய சொற்கள் இருக்கும்போது லத்தீன் எதற்கு?

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் அன்றாட ஆங்கிலச் சொல் கிடைக்கும் இடத்தில் அயல்மொழித் தொடரைப் போடாதே என்று விதியாகவே சொல்லியிருக்கிறார். 'ஸ்டேட்டஸ் கோ' (இப்போதுள்ள நிலை), 'குல்-டி-சாக்' (முட்டுச்சந்து) போன்றவை எழுத்துக்கு ஒரு பண்பாட்டுப் பூச்சு தருவதற்காக மட்டும் பயன்படுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு அவர் சொன்னது சரியென்றே படுகிறது. படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வேலி போட்டுக்கொள்கிறார்கள். வேலிக்கு வெளியே நிற்பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

அச்சுக்கோப்பு

நேர்பேச்சு, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதே ஆர்வெல் ஐ.ஈ., ஈ.ஜி., எட் செட்டரா மூன்றையும் பயனுள்ளவை என்று விலக்கு கொடுத்துவிட்டார். சொல்தேடியைச் சறுக்க வைத்தது அந்த மூன்றில் ஒன்றுதான்! ஆக, பழகிய சொல் என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

எல்லாவற்றையும் களைந்துவிடலாம் என்ற முயற்சியும் ஆங்கிலத்தில் நடந்து பார்த்தாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் லத்தீன், கிரேக்கச் சொற்கள் வெள்ளம் போல வந்தபோது அவற்றுக்கு 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று பெயர் வைத்துச் சண்டை போட்டார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக் 1557இல் ஒரு கடிதத்தில், நம் மொழி கலப்பில்லாமல் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். அதில் 'தூய்மை' என்பதற்கு அவர் போட்ட ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சு வழி வந்தது. மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் 'செஞ்சுரியன்' என்ற சொல்லை விட்டு 'ஹண்ட்ரடர்' என்றார். 'ரெசரக்ஷன்' என்பதற்கு 'கெயின்ரைசிங்' என்றார், 'மீண்டெழுதல்' என்று சொல்லலாம். தமிழ்க் காதுக்கு இது நன்றாகவே இருக்கிறது, நம்மிடம் தனித்தமிழ் ஆக்கங்கள் பல இப்படிப் பிறந்து வேரூன்றிவிட்டன. ஆங்கிலத்தில் ஊன்றவில்லை. ஏற்கனவே பாதி மொழி பிரெஞ்சாகிவிட்டதால் மக்களுக்கு அந்த லத்தீன் வடிவங்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

இரவல் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'லோன்வேர்ட்' என்பார்கள். அது ஜெர்மன் 'லேன்வோர்ட்' என்பதன் நேர்மொழிபெயர்ப்பு. அப்படி நேர்மொழிபெயர்ப்பாக வரும் சொல்லுக்கு 'கால்க்' என்று பெயர். அந்தக் 'கால்க்' பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்த இரவல் சொல்! இரவலைப் பற்றிப் பேசுவதற்கே இரவல் வாங்க வேண்டியிருந்தால், எதைக் களைவது?

மருந்துக்குறிப்பு

நான் மருந்தாளுநர். இந்த இடத்தில் நேர்பேச்சு சொல்வதோடு முழுதாக உடன்படுகிறேன், ஏனென்றால் எங்கள் துறையில் இது படித்தவர் வேலி என்ற அளவோடு நிற்பதில்லை.

மருந்துச்சீட்டின் தலையில் இருக்கும் 'ஆர்எக்ஸ்' குறி லத்தீன் 'ரெசிபே', 'எடுத்துக்கொள்' என்ற கட்டளை. அதில் சிக்கல் இல்லை. 'பி.டி.' என்றால் 'பிஸ் இன் டியே', நாளில் இருமுறை. 'ஸ்டாட்' என்றால் 'ஸ்டாடிம்', உடனே. இவையும் பழகிவிட்டன. ஆனால் 'ஓ.டி.'யைப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கத்தில் அது 'ஓம்னி டியே', தினம் ஒருமுறை. அமெரிக்காவில் அதே இரண்டு எழுத்து 'ஆக்யுலஸ் டெக்ஸ்டர்', வலது கண். வாயால் குடிக்க வேண்டிய திரவ மருந்து கண்ணில் விடப்படும் அபாயம் இதில் இருப்பதாக மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்கின்றன. 'கியூ.டி.' என்றால் தினம் ஒருமுறை, 'கியூ.ஐ.டி.' என்றால் தினம் நான்கு முறை. கையெழுத்தில் நடுவே ஒரு புள்ளி சற்று நீண்டுவிட்டால் நோயாளிக்கு நான்கு மடங்கு மருந்து. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் 2004இல் 'கியூ.டி.'யைப் பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. 'தினமும்' என்று முழுதாக எழுதச் சொல்கிறார்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு சீட்டில் இந்தக் குழப்பத்தை நேரில் பார்த்தேன். சீட்டைக் கொண்டுவந்தவர் வயதானவர், அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. எழுதியவரைத் தொலைபேசியில் பிடிக்கும்வரை மருந்தைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அன்று முதல் உறைமேல் நான் எழுதுவது எல்லாம் முழு வாக்கியம்தான். நோயாளியின் கைக்குப் போகும் தாளில் லத்தீனுக்கு இடமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வழக்குக்கட்டு

மருந்துக்குறிப்பு அக்கா சொன்னதை ஏற்கிறேன். எங்கள் துறையிலும் இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகள் பலவற்றை மாற்றின. வழக்குத் தொடுப்பவரைக் குறித்த 'ப்ளெயின்டிஃப்' போய் 'கிளெய்மன்ட்' வந்தது. 'இன் கேமரா'வுக்குப் பதில் 'தனியாக' என்றும், 'எக்ஸ் பார்ட்டே'வுக்குப் பதில் 'முன்னறிவிப்பு இல்லாமல்' என்றும் எளிய ஆங்கிலத்தில் ஆக்கினார்கள். உரிமையியல் வழக்கில் சப்பீனாவும் 'சாட்சி அழைப்பாணை' ஆனது. வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு நாடுகள் பேசும்போது யாருடைய மொழியும் அல்லாத ஒரு தொடர் உதவுகிறது. 1961 வியன்னா தூதரக உடன்படிக்கையின் 9ஆவது பிரிவில் 'பர்சோனா நான் கிராட்டா' அப்படியே நிற்கிறது. ஒரு தூதரை 'வேண்டாதவர்' என்று எந்த மொழியில் சொன்னாலும் கொஞ்சம் வசையாகக் கேட்கும். லத்தீனில் சொல்லும்போது அது நடைமுறை மட்டுமே.

ஒலிக்குறி

அதோடு 'மேடே'யையும் சேர்க்கலாம். 1920களில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரடெரிக் மாக்ஃபோர்டிடம், ஆபத்தில் சொல்ல எல்லோருக்கும் புரியும் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டார்கள். அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிஸ் அருகே லெ பூர்ஜே நிலையத்துக்குத்தான் போய்வந்தன. 'எனக்கு உதவுங்கள்' என்பதன் பிரெஞ்சு ஒலியை எடுத்து 'மேடே' என்று வைத்தார். இரைச்சலிலும் பிழையாகக் கேட்காத ஒலி. மூன்று முறை சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம். ஆபத்து அவ்வளவு கடுமையில்லை என்றால் 'பான் பான்', அதுவும் பிரெஞ்சு 'பான்', பழுது. இரவல் சொல் உயிரைக் காப்பாற்றுகிற இடம் இது.

கடைசி_வரிசை

சரி, சொல்தேடி அக்காவின் முதல் கேள்விக்கு வரலாமா? மூலப் பொருளைப் பார்க்க வேண்டுமா, இன்றைய பொருளையா? எனக்கு மூலப் பொருள்தான் உண்மையான பொருள் என்று தோன்றுகிறது. பிறந்த வீட்டில் கேட்டால்தானே ஒருவரைப் பற்றிச் சரியாகத் தெரியும்?

சொல்தேடி

தம்பி, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக இதைப் பற்றியே யோசித்ததில் ஒரு சொல் என்னை மாற்றிவிட்டது: 'கேட்டமரான்'.

அது நம்முடைய கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியது என்பதுதான் பொருள். ஆங்கிலத்தில் இன்று அது இரட்டை உடல் கொண்ட படகு, பாய்மரமோ எந்திரமோ வைத்தது, பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்தது. ஒரு ஆங்கிலக் கையேட்டில் அந்தச் சொல் வந்து நான் 'கட்டுமரம்' என்று எழுதினால் என்ன ஆகும்? தமிழ்ச்சொல்தானே என்று நெஞ்சை நிமிர்த்தலாம், ஆனால் மொழிபெயர்ப்பு தவறு. படிப்பவர் மனதில் வேறு ஒரு பொருள் மிதக்கும். 'இரட்டையுடல் படகு' என்றுதான் எழுத வேண்டும். சொல் நம் மொழியில் பிறந்திருந்தும் ஆங்கிலத்தில் அது என்ன என்பதை ஆங்கிலத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நமக்கே இப்படியென்றால் பிரெஞ்சுக்காரருக்கும் ஜப்பானியருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஒலிக்குறி

அருமையாகச் சொன்னீர்கள். பிரெஞ்சுக்காரர் நிலையை நான் சொல்கிறேன். கச்சேரி முடிந்ததும் ஆங்கிலேயர் 'ஆங்கோர்' என்று கத்துவார்கள், பிரெஞ்சில் அதற்கு 'மறுபடியும்' என்று பொருள். ஆனால் பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தில் கத்துவது 'பிஸ்', லத்தீன்! 'நாம் த ப்ளூம்', புனைபெயர் என்ற பொருளில், பிரெஞ்சுச் சொற்களை வைத்து ஆங்கிலேயர் செய்துகொண்ட தொடர். இரட்டை அர்த்தப் பேச்சைக் குறிக்கும் 'டபுள் அண்டாண்டர்' இன்றைய பிரெஞ்சில் புழக்கத்திலேயே இல்லை. வேலைக்கு அனுப்பும் 'ரெஸ்யூமே'வைப் பிரெஞ்சுக்காரர் சி.வி. என்பார், அதுவும் லத்தீன். ஜெர்மானியருக்கு 'ஆங்ஸ்ட்' என்பது நாய் குரைத்தால் வரும் சாதாரண பயம், ஆங்கிலத்தில் அது வாழ்க்கையே பாரமாகத் தெரியும் மனக்கலக்கம். இத்தாலியில் 'அல் ஃப்ரெஸ்கோ' என்றால் பேச்சுவழக்கில் சிறையில் இருப்பது என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் திறந்தவெளி.

ஜப்பானிலிருந்து வந்த 'இமோஜி'யை எல்லோரும் 'இமோஷன்' என்ற சொல்லோடு முடிச்சுப் போடுகிறார்கள். தொடர்பே இல்லை. 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஒலி ஒத்துப்போனது தற்செயல், ஆனால் ஆங்கிலத்தில் அது இவ்வளவு வேகமாக ஒட்டிக்கொண்டதற்கு அந்தத் தற்செயலும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம். 'கரோக்கே' இன்னும் விசித்திரம். 'கரா' வெறுமை, 'ஓக்கே' ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். மேற்கிலிருந்து ஜப்பானுக்குப் போன சொல், பாதி உடலோடு திரும்பி வந்து அயல்சொல்லாக நிற்கிறது.

அச்சுக்கோப்பு

ஒன்று சேர்க்க வேண்டும். மூலக்கதை தேடும்போது கட்டுக்கதை நிறைய கிடைக்கும், ஜாக்கிரதை. 'கங்காரு' என்றால் 'எனக்குத் தெரியாது' என்று பொருள், ஆங்கிலக் கடற்பயணி ஜேம்ஸ் குக் கேட்டபோது ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அப்படிப் பதில் சொன்னார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. 1770இல் குக்கின் கப்பல் பழுதாகி நின்ற இடத்தில் வாழ்ந்தவர்கள் கூகு இமிதிர் மொழி பேசுபவர்கள். ஜான் ஹவிலண்ட் என்ற மொழியியலாளர் 1970களில் அவர்களிடையே ஆய்வு செய்தபோது 'கங்குரு' என்பது அங்குள்ள ஒரு வகைப் பெரிய கங்காருவின் பெயர் என்று தெளிவானது. கேட்டவர் சரியாகவே கேட்டார், சொன்னவர் சரியாகவே சொன்னார்.

நம் பக்கத்திலும் ஒன்று: ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வோம். பணம் என்ற பொருளில் வரும் அந்தச் சொல் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. காசு வழியாகப் போர்த்துகீசிய மொழியில் நுழைந்து ஆங்கிலத்துக்குப் போனது வேறு ஒரு 'கேஷ்', கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்தது. எழுத்து ஒன்று, பிறப்பு இரண்டு.

நேர்பேச்சு

தமிழிலிருந்து போன இன்னொரு சொல்லை யாரும் எடுக்கவில்லை. 'பரையா'. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று ஆங்கில நாளிதழ்கள் நாட்டுக்கும் ஆளுக்கும் சாதாரணமாகப் போடுகின்றன. அது பறையர் என்ற ஒரு சமூகத்தின் பெயர். உயிரோடு வாழும் மக்களின் பெயரை இழிவுக்கு உவமையாக வைத்திருக்கிறது ஆங்கிலம். மூலப் பொருளைப் பார்க்கத் தேவையில்லை என்று இங்கே பேச்சு போகிறது. இந்த ஒரு சொல்லுக்காவது பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன்.

சொல்தேடி

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இதை நான் யோசிக்காமல் விட்டிருக்கிறேன். ஆங்கில மூலத்தில் அந்தச் சொல் வந்தால் 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருளை மட்டும் எழுதுவேன். ஆங்கிலத்தில் நானே எழுத நேர்ந்தால் அந்தச் சொல்லைத் தொடமாட்டேன். இன்றைய பொருள் மொழிபெயர்ப்புக்கு வழி சொல்கிறது. அந்தச் சொல்லை எடுத்தாளலாமா வேண்டாமா என்பதற்கு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது இப்போதுதான் எனக்குப் பிரிந்து தெரிகிறது.

அச்சுக்கோப்பு

அம்மா, நீங்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு ஒரு பழைய துணை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரேக்கும் இதே தலைவலி இருந்தது. முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. எது ஆங்கிலச் சொல், எது விருந்தாளி என்று முடிவு செய்யாமல் அகராதி போட முடியாது. அவர் சொற்களை நான்காகப் பிரித்தார்: பிறந்த குடிகள், குடியேறியவர்கள், அயலார், வந்துபோகிறவர்கள். இன்னும் அயலாராகவே இருக்கும் சொல்லுக்கு முன்னால் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டு அச்சிட்டார்கள். எல்லை உறுதியாக இல்லை, ஒருவருக்கு அயலாக இருப்பது இன்னொருவருக்குக் குடியாக இருக்கும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

நாங்கள் அச்சில் அதையே சாய்வெழுத்தால் செய்தோம். சொல் அகராதியில் சாதாரணமாக இடம்பெற்றுவிட்டதா, நேரெழுத்து. இல்லையா, சாய்வெழுத்து. 'ஸ்டேட்டஸ் கோ' என் காலத்திலேயே நிமிர்ந்துவிட்டது. 'தேவையான மாற்றங்களோடு' என்று பொருள்படும் 'முடாட்டிஸ் முடாண்டிஸ்' இன்னும் பலர் கையில் சாய்ந்தே கிடக்கிறது.

கடைசி_வரிசை

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். அழைப்பிதழில் 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று போடுவது தவறா? அதற்குள்ளேயே 'தயவுசெய்து' இருக்கிறதாமே?

ஒலிக்குறி

இருக்கிறது தம்பி. 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. முன்னால் இன்னொரு 'ப்ளீஸ்' போட்டால் இரண்டு முறை வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அது இப்போது ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது, 'நான் ஆர்.எஸ்.வி.பி. செய்துவிட்டேன்' என்கிறார்கள். அதனால் பேச்சில் யாரையும் திருத்தாதே. நீயே அழைப்பிதழ் எழுதினால் 'ப்ளீஸ்' இல்லாமல் எழுது.

சொல்தேடி

கையேட்டு வேலை இன்று மாலை மறுபடியும் என் மேசைக்கு வந்தது, இரண்டாம் பதிப்பு. ஆங்கில மூலம் எழுதிய குழுவுக்கே ஒரு கடிதம் போட்டேன்: எச்சரிக்கைப் பக்கங்களில் மட்டுமாவது ஐ.ஈ.யும் ஈ.ஜி.யும் வேண்டாம், முழுச்சொல்லில் எழுதுங்கள், பதினோரு மொழிகளுக்கு இது போகிறது என்று. மருந்துக்குறிப்பு அக்கா சொன்ன 'ஓ.டி.' கதையையும் காரணமாகச் சேர்த்தேன். ஒத்துக்கொண்டார்கள். ஐந்து இடத்தில் மாற்றித் தந்திருக்கிறார்கள். நான்கில் 'அதாவது' என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தது. ஐந்தாவது இடத்தில், மூலத்தை எழுதியவரே 'உதாரணமாக' என்று நினைத்து ஐ.ஈ. போட்டிருந்தாராம்.